இரண்டு இஞ்ச் டேப்பும் ஒரு வருடச் சரித்திரமும்

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 2023 மே மாதம் எழுதிய ஒரு வரி இருக்கிறது: ‘சரித்திரம் – வருசத்துக்கு 1,200.’ மாதம் நூறு ரூபாய். கணக்குக்கும் அறிவியலுக்கும் அதற்கு மேலேயே ஒதுக்கியிருந்தேன். தமிழுக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. வீட்டில் பேசுகிற பாஷைதானே, அதற்கென்ன செலவு என்ற நினைப்பு. அந்த நினைப்பு தப்பு என்பது வேறு கதை.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். முடித்தாள் என்று சொல்வதும் சரியில்லை. டைபாய்டு வந்து, போய், திரும்பவும் வந்து, கடைசிப் பருவத்தில் பாதிநாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அவள் படித்த தனியார் பள்ளியில் இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்றார்கள். கட்டணம் மட்டும் ஏறியிருந்தது. பிள்ளை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார்; அதிகம் பேச மாட்டார். “ஒரு வருசம் வீட்ல இருக்கட்டும். ஒடம்பு தேறட்டும். நீ சொல்லிக் குடு” என்று முடித்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கடைக்கு வரும் வக்கீல் ஒருவர்தான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவைக் காட்டினார். நடுவில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி கடையில் எனக்கு வேலை, மத்தியானம் இரண்டிலிருந்து இரவு எட்டு வரை. ஆக, காலைகள் என் கையில். பிற்பகலில் பிள்ளைக்குத் துணை என் மாமியார், அவளுக்கு அப்பத்தா.

டிடிபிக்காரி போடும் பாடத்திட்டம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முப்பத்தாறு வாரம், முப்பத்தாறு கட்டம். முதல் வாரம் சிந்துவெளி, இரண்டாம் வாரம் வேதகாலம், கடைசி வாரம் இந்திய விடுதலை. ஏழாம் வகுப்பு அரசுப் பாடநூலை இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கினேன். கட்டத்துக்குக் கட்டம் பச்சை, மஞ்சள் என்று நிறம் கொடுத்து, ஏ3 தாளில் அச்சடித்து, பீரோக் கதவில் ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது நாளே அதன் சாயம் வெளுத்துவிட்டது. மொகஞ்சதாரோ எத்தனை வருடப் பழசு என்று நான் சொன்னதும், பிள்ளை தலையணையில் சாய்ந்தபடியே கேட்டாள்.

“எப்படித் தெரியும்?”

“புக்குல போட்ருக்கு.”

“புக்கு போட்டவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எதிர்த்துப் பேசுகிற கேள்வி இல்லை அது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பொழுது போகவில்லை, கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் 91 வாங்கியவள் நான். ஒரு வருடத்தைக்கூட யாரும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் இறக்கிவைத்திருந்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே அதுதான்: கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணிகள் எழுதிய குறிப்பு என்று வரலாற்றுக்கான ஆதாரங்களைச் சொல்லும் பாடம். ராஜாவும் இல்லை, சண்டையும் இல்லை என்று என் கட்டங்களில் அதை விட்டுவிட்டிருந்தேன். அன்று இரவு ஏ3 தாளைக் கிழித்தேன். நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு மூன்று பத்தி பிரித்தோம்: என்ன நடந்தது, எப்போது, எப்படித் தெரியும். மூன்றாவது பத்தி நிரம்பாவிட்டால் முதல் இரண்டையும் எழுதக் கூடாது. அதுதான் சட்டம். சட்டம் போட்டவள் அவள்.

இடங்களைத் தேர்ந்தெடுத்தது நானும் இல்லை, அவளும் இல்லை, டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவும் மகளும் போய்வர ஒரு பைசா ஆகாது. அதனால் டவுன் பஸ் போகிற தூரம்தான் எங்கள் சரித்திரத்தின் எல்லை. தஞ்சைப் பெரிய கோயில் எல்லைக்கு வெளியே. மாமல்லபுரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மதுரையில் இருப்பவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அந்த வருடம் ஊரே எங்களுக்கு ஒத்தாசை செய்தது போல இருந்தது. மார்ச்சில்தான் கீழடி அருங்காட்சியகம் திறந்திருந்தார்கள். ஜூலை 15ஆம் தேதி புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. குளுகுளுவென்று உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். புத்தகத்துக்கென்று ஒதுக்கிய 500 ரூபாயில் பாதிக்கு மேல் மிச்சமானது அதனால்தான்.

தெருமுனைத் தையல்கடையில் இரண்டு இஞ்ச் டேப் வாங்கினேன், நாற்பது ரூபாய். ஒவ்வொன்றும் 150 சென்டிமீட்டர். இரண்டையும் முனையோடு முனை சேர்த்து, ஹால் சுவரில் ஆணியடித்து நீளமாக இழுத்துக் கட்டினோம். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வருடம். பூஜ்ஜியத்தில் கி.மு. 600. அப்படிப் பார்த்தால் நாங்கள் நின்ற 2023, 262 தாண்டி இரண்டாவது கோட்டில் வந்தது. பிள்ளை தன் பன்னிரண்டு வயதை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தாள். ஒரு சென்டிமீட்டரும் இரண்டு கோடும். விரல் நகத்தை வைத்தால் மறைந்துவிடும். முகம் சுருங்கிப்போனது. “அப்பத்தா எவ்ளோ?” என்றாள். ஏழு சென்டிமீட்டரும் எட்டு கோடும். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

நான் படித்த புத்தகங்களில் பாதி, வெள்ளைக்காரனும் விடுதலைப் போராட்டமுமாகவே இருக்கும். 1801இல் கிழக்கிந்தியக் கும்பெனி எங்கள் பக்கத்தை மொத்தமாகக் கையில் எடுத்துக்கொண்டதிலிருந்து 1947 வரை டேப்பில் அளந்தால் பதினைந்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு சாண் வராது. முதல் டேப் கி.பி. 900இல் முடிந்தது. முடிச்சுப் போட்ட இடத்துக்கு அடுத்த சென்டிமீட்டரிலேயே பராந்தகச் சோழன் பாண்டியனைத் துரத்திவிட்டு ‘மதுரை கொண்ட’ என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்கிறான். தற்செயல்தான். ஆனால் அந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது ஞாபகம் வந்துவிடும். இப்படி ஒரு வசதியை எந்தப் பாடத்திட்டமும் யோசித்துச் செய்ய முடியாது.

கீழடிக்கு முதலில் போனோம். சிலைமானில் இறங்கி ஷேர் ஆட்டோ. செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். பகடைக்காய், தக்களி, மணிகள் எல்லாம் பார்த்தாள். ஆனால் அவளை நிறுத்தியது பானை ஓடுதான். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எழுத்தில் கீறிய பெயர்கள். “இவங்க ராஜாவா?” என்றாள். இல்லை, அந்தப் பானைக்குச் சொந்தக்காரராக இருக்கலாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டிக் கொடுப்போமே, அந்த மாதிரி. கரிமச் சோதனைக்கு அனுப்பிய ஆறு மாதிரிகளில் ஒன்று, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது, கி.மு. 580 என்று வந்ததைத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அதை நோட்டில் எழுதிவிட்டு மூன்றாவது பத்தியில் ‘ஒரு மாதிரி’ என்று அவளாகவே அடிக்கோடு போட்டாள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைவிட அவள் கவனமாக இருந்தாள் என்பதற்காகச் சொல்கிறேன். நான் அதற்குள் ஊரெல்லாம் 2,600 வருடம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனைமலைக்குப் போனது ஒரு கூத்து. ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் குடைவரைக் கோயில் வரை வெயிலில் நடந்து, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டு நின்ற என்மேல்தான் தப்பு. மலையடியில் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம். அடுத்த வாரம் முதல் பஸ்ஸிலேயே போனோம்.

அந்தக் குடைவரையை வெட்டியவன் மாறன் காரி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன். கோயில் முடியுமுன் அவன் செத்துப்போக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தான். கல்வெட்டே இதைச் சொல்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் கலியுகம் 3871 என்று வருடமும் இருக்கிறது. கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 என்று நான் சொல்லிக்கொடுத்தேன். மண்டபத்தில் உட்கார்ந்து நோட்டில் கழித்தாள். 769 வந்தது. புத்தகத்திலோ கி.பி. 770 என்று போட்டிருந்தது.

“புக்கு தப்பு” என்றாள்.

நானும் கழித்துப் பார்த்தேன், 769தான். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. இரவு சாப்பிடும்போது அவள் அப்பாதான், சோற்றைப் பிசைந்துகொண்டே, “கி.மு. ஒண்ணுக்கு அடுத்த வருசம் என்ன?” என்று கேட்டார். பூஜ்ஜியம் என்றாள். “பூஜ்ஜியம்னு ஒரு வருசம் இருந்துச்சா?” இல்லை. கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1. கழிக்க வேண்டியது 3101. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் நோட்டில் திருத்தினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர் இவர். லோடு ஏற்றி இறக்கும் கிலோமீட்டர் கணக்கில் இந்த மாதிரி ஒன்று விடுபட்டால் காசு போய்விடும், அதனால் தெரியும் என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நகரத்துக்குள் சுற்றியதையெல்லாம் விவரித்தால் கட்டுரை நீண்டுவிடும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு வெளி வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அப்படிக் கிடைத்த இடத்தில் வந்த தெருக்கள்தான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். கலெக்டரின் ஞாபகத்துக்கு வைத்த விளக்குத்தூண் எங்களுக்குச் சுடிதார்த் துணி எடுக்கப் போகிற இடம், அவ்வளவுதான். இடித்த கோட்டையில் மிஞ்சிய ஒரு துண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் இத்தனை வருடம் பஸ் பிடிக்க ஓடியிருக்கிறேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைத் துறந்த மேலமாசி வீதி வீட்டுக்கும், தமுக்கம் பக்கத்து காந்தி அருங்காட்சியகத்துக்கும் போனோம். அருங்காட்சியகத்தில் கட்டணம் கிடையாது. வாசலில் குடித்த பருத்திப்பாலுக்குத்தான் செலவு.

அந்த அருங்காட்சியகத்தை 1959இல் திறந்துவைத்தவர் நேரு. அவர் 1930லிருந்து 1933 வரை சிறையிலிருந்து தன் மகளுக்கு உலக சரித்திரத்தைக் கடிதம் கடிதமாக எழுதினார் என்று சொன்னேன். ஆரம்பிக்கும்போது இந்திராவுக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகிறது. நூலகத்தில் தமிழ்ப் பதிப்பை எடுத்து இருவரும் மாற்றி மாற்றி வாசித்தோம். எங்கள் உலக சரித்திரம் முழுவதும் அந்த ஒரு புத்தகம்தான். பிள்ளை கேட்டது வேறு: “அந்தப் பொண்ணு திரும்பக் கேள்வி கேட்டா, பதில் வர எத்தன நாளாகும்?”

இனி அப்பத்தா. உண்மையைச் சொன்னால், அவரை நான் பாடத்திட்டத்தில் சேர்க்கவே இல்லை. மத்தியானம் நான் கடைக்குப் போன பிறகு நடந்தது அது. அவருக்கு வருடக் கணக்கு கிடையாது. எதைக் கேட்டாலும் ‘தனுஷ்கோடி போன வருசம்’, ‘எம்ஜிஆர் செத்த வருசம்’, ‘தமிழ் மாநாடு நடந்தப்ப’ என்பார். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருடம் தேடிக் கண்டுபிடித்தாள்: 1964, 1987, 1981. தாத்தா ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில், 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கலவரத்தின்போது, ராத்திரி ஷிப்ட் போனவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தாராம். அப்பத்தா உலையை இறக்காமலே வைத்துக் காத்திருந்தாராம். அரிசி கிடைக்காத காலம் அது. உலையில் கிடந்தது மக்காச்சோளக் குருணை.

ஒருநாள் இரவு நான் வந்தபோது இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சண்டையா என்றேன். இல்லை. பிள்ளை நோட்டை நீட்டினாள். 1939 ஜூலை 8, மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துப்போன நாள். அதை நூலகத்தில் படித்துவிட்டு வந்து, அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தவர், “அதுக்கு முந்தி எங்க ஆத்தா உள்ள போனதில்ல. சித்திரைத் தேரு பாக்குறதோட சரி” என்றிருக்கிறார்.

பிள்ளை வழக்கம்போல, “எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டாள்.

“எங்க ஆத்தாவப் பத்தி எனக்குத் தெரியாதா? எவன்டி எழுதி வைப்பான் இத?” அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அவராகவே சொல்லியிருக்கிறார். சனம் போக ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஆத்தா போனாளாம். உள்ளே கால் வைத்ததும் கல் சில்லென்று இருந்ததாம். காலை எடுத்துக்கொண்டாளாம். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாளாம்.

அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து பதினைந்து வருடம். இதை ஒருதரம்கூட யாரும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டேப்பில் 1939க்கும் அப்பத்தா பிறந்த 1945க்கும் நடுவில் ஆறே கோடு. பிள்ளை மூன்றாவது பத்தியில், ‘அப்பத்தாவின் அம்மா சொன்னது’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே அப்பத்தாவின் கைநாட்டு. தாத்தா சம்பளம் வாங்கும்போது வைப்பது போல வைக்கணும் என்று ஊதா மை கேட்டு வாங்கி வைத்தாராம்.

அந்த ஆறு பேரில் ஒருவர் கக்கன், மேலூர் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். அப்பத்தா வீட்டில் உலையைப் பார்த்துக்கொண்டிருந்த 1965இல் போலீஸுக்குப் பொறுப்பான மந்திரியும் கக்கன்தான். பிள்ளை முதலில் நம்பவில்லை, இரண்டும் வேறு வேறு ஆள் என்றே சாதித்தாள். ஒரே ஆள் என்றானதும் குழம்பிப்போனாள். ஒருவர் அங்கே நல்லவராகவும் இங்கே எதிராளியாகவும் எப்படி இருக்க முடியும் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். மூன்றாவது பத்தியில் எழுதுவதற்கு ஏற்ற பதில் என்னிடம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டில்லி சுல்தான்களை இரண்டே நாளில் ஓட்டினேன். இல்துமிஷ் யாரென்று கேட்டால் பிள்ளை இன்றும் முழிப்பாள். சமணர் மலைக்கு மூன்று தரம் போன நாங்கள் ஐரோப்பா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் கிடப்பது மட்டுமே சரித்திரம் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற கவலை எனக்கு இருந்தது. இன்னொரு முறை செய்வதாக இருந்தால் உலகப்படம் ஒன்று வாங்கி, டேப்புக்கு மேலே மாட்டியிருப்பேன். அந்த வருடம் அது தோன்றவில்லை.

2024 ஜூனில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். வக்கீல் காட்டிய பக்கத்தை எடுத்துப்போனேன்; அதற்கு வேலை வரவில்லை. வயதைக் கேட்டார்கள், சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு நோட்டில் அந்த வருடத்துச் சரித்திரச் செலவு மொத்தம் 1,346 ரூபாய். 146 கூடிவிட்டது. அதில் 496 ரூபாய் பருத்திப்பால், இளநீர், வெள்ளரிக்காய். புத்தகத்துக்கு 210தான்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வீட்டுப் பெரியவர்களிடம் எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அப்போது என்ன சோறு, அரிசி என்ன விலை என்று கேளுங்கள், மற்றது தானாக வரும். நரசிங்கத்துக்குப் போவதென்றால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.